நவி மும்பையில வாடகை வீடு: நெருலா, கார்கரா, உல்வேவா?

பொள்ளாச்சி இளநீர் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கமுங்க. எனக்கு மும்பைக்கு மாத்தல் போட்டுட்டாங்க, ஆபீஸ் பிகேசில, அதாவது பாந்த்ரா குர்லா காம்ப்ளக்ஸ்ல. வீட்டம்மாவுக்கும் அவங்க கம்பெனியிலயே ஐரோலிக்கு மாத்தித் தர்றேன்னுட்டாங்க, வாரத்துக்கு மூணு நாள் போனா போதும். பாப்பா ஒண்ணாம் கிளாஸ். ஜூன் மொத வாரம் அங்க இருக்கணும். மும்பைக்குள்ள வாடகை கேட்டதுமே தலை சுத்திருச்சு, நம்மூர்ல தோட்டத்தோட வீடு எடுக்கற காசுக்கு அங்க ஒரு ரூமும் ஒரு அடுப்பும் தான் தர்றாங்க. ஆபீஸ்ல கேட்டா எல்லாரும் நவி மும்பை பாருங்க, பிளான் போட்டுக் கட்டுன ஊரு, ரோடு அகலம், கடல் பக்கம், மரம் இருக்குதுங்கறாங்க.

நெட்டுல பாத்தா நெருல்ல 2 பிஹெச்கே 38 ஆயிரம்னு போட்டிருக்கு, கார்கர்ல 30, உல்வேல 20க்கே புத்தம் புது பில்டிங், ஸ்விம்மிங் பூல் ஜிம் எல்லாம் காட்டறாங்க. ஒரே ஊருக்குள்ள எதுக்குங்க இத்தன வித்தியாசம்? ஒரு புரோக்கர் உல்வே வீட்ட வீடியோ கால்ல சுத்திக் காட்டி, 10 ஆயிரம் டோக்கன் போட்டுருங்க இல்லைன்னா நாளைக்கே போயிரும்ங்கறார். போடலாமுங்களா?

இன்னொண்ணு, பாம் பீச் ரோடு பக்கமா எடுத்தா சாயங்காலமானா பாப்பாவ பீச்சுக்குக் கூட்டிட்டுப் போலாம்னு ஒரு ஆசை. நாங்க அசைவம் சாப்பிடுவோம், அது ஏதாச்சும் பிரச்சனை ஆகுமா? இந்தி ரெண்டு பேருக்கும் அரைகுறை தான். தெரிஞ்சவங்க கொஞ்சம் விவரமா சொல்லுங்க, புண்ணியமாப் போகும்.

தாராவி டு நெருல் எழுதுனது:

தம்பி, மொதல்ல டோக்கன் போடாதீங்க. வீட்டுக்குள்ள கால் வைக்காம காசு கேக்குற எவனையும் நம்பாதீங்க. நாளைக்குப் போயிரும்னா போவட்டும், உல்வேல காலி வீட்டுக்கா பஞ்சம்.

ரெண்டாவது, சொல்லவே மனசு கஷ்டமா இருக்கு, பாம் பீச் ரோட்டுல பாம் உண்டு, பீச் கிடையாது. வாஷில இருந்து பேலாப்பூர் வரைக்கும் போற ரோடு அது, ஒரு பக்கம் ‘தாணே க்ரீக்’, நம்ம பாஷைல கழிமுகம்னு வச்சுக்கோங்க, சேறும் அலையாத்தி மரமும் தான். மணல்ல கால நனைக்கணும்னா உரன் பக்கம் போவணும், இல்லன்னா ஜூஹு. ஆனா பாப்பாவுக்கு வேற ஒண்ணு இருக்கு. நவம்பர் வாக்குல இருந்து மே வரைக்கும் சீவுட்ஸ் ஏரிலயும் டிஎஸ் சாணக்யாங்கற கப்பல் படிப்புக் காலேஜ் பக்கத்து தண்ணிலயும் பூநாரைக் கூட்டம் வந்து நிக்கும், நம்ம கோடியக்கரைக்கு வருதே அதே தான், ரோஸ் கலர்ல தூரத்துல பாத்தா துணி காயப்போட்டாப்ல இருக்கும். பீச்ச விட அது மேல்னு எம் பேத்தி சொல்லுவா.

இப்ப வாடகை வித்தியாசத்துக்கு வாரேன். நீங்க ஒரே ஊர்னு நெனைக்கிறது தான் தப்பு. 1960கள்ல சார்லஸ் கொரியா, பிரவீனா மேத்தா, ஷிரிஷ் பட்டேல்னு மூணு பேர் சேந்து, மும்பை வடக்க வடக்க நீண்டுக்கிட்டே போறத நிறுத்துங்க, க்ரீக்குக்குக் கிழக்க ஒரு ஊரு கட்டுங்கன்னு எழுதுனாங்க. 1970ல மாநில அரசு சிட்கோன்னு ஒரு நிறுவனத்த ஆரம்பிச்சு, 95 கிராமத்து நிலத்த எடுத்து, நோடு நோடா, அதாவது தனித்தனிக் குட்டி ஊரா பிரிச்சுக் கட்டுனாங்க. ஒவ்வொரு நோடுக்கும் தனி ஸ்டேஷன், தனி மார்க்கெட், தனி ஸ்கூல், அவன் அவன் வேலையும் அங்கனயே இருக்கணும்னு கணக்கு. கணக்கெல்லாம் சரி, ஆனா வேலை மட்டும் மும்பையிலயே நின்னுக்கிச்சு, ஜனம் தான் இங்க வந்துச்சு. அதனால இங்க வாடகைங்கறது வீட்டுக்கு இல்ல தம்பி, ட்ரெயினுக்கும் தண்ணிக்கும்.

ட்ரெயின எடுத்துக்கோங்க. வாஷிக்கு ரயிலே 92ல தான் வந்துச்சு. நாங்க தாராவிய விட்டு இங்க வந்த புதுசுல நெருல்ல பொழுது சாஞ்சா நரி ஊளையிடும், எங்கம்மா என்னய எந்தக் காட்டுல கொண்டு விட்டிருக்கன்னு அழுதாங்க. இப்போ ஹார்பர் லைன்ல நெருல்ல ஏறுனா முக்கா மணி நேரத்துக்குள்ள குர்லா. அங்க எறங்கி பிகேசிக்கு ஷேர் ஆட்டோ, இல்லன்னா பஸ். காலைல அந்த ஆட்டோ லைன் இருக்கே, ரேஷன் கடை லைன் தோத்துரும், அதுக்கு ஒரு கால் மணி தனியா வச்சுக்கோங்க. ஹார்பர்ல ஃபாஸ்ட் வண்டி கிடையாது, எல்லாம் ஸ்லோ தான். கார்கர்ல இருந்து வந்தா அதுக்கு மேல பத்து நிமிஷம் கூடும், அவ்வளவு தான்னு புரோக்கர் சொல்லுவான், ஆனா கார்கர்ல வீட்ல இருந்து ஸ்டேஷனுக்கு வர எவ்வளவு நேரம்னு சொல்ல மாட்டான்.

வீட்டம்மாவுக்கு ஐரோலின்னா நெருல் ரொம்பத் தோது. நெருல்ல இருந்து தாணேங்கற ஊருக்குப் போற வண்டி ஜுயிநகர், துர்பே, கோப்பர்கைரானே, கன்சோலி, ரபாலே, ஐரோலின்னு நேராப் போயிரும், மாற வேண்டாம். ரெண்டு பேருக்கும் ரெண்டு தெசை, ரெண்டு லைனும் ஒரே ஸ்டேஷன்ல வேணும், அது தான் உங்க தேவை. நெருல், ஜுயிநகர், சான்பாடா, இந்த மூணையும் பாருங்க. நெருல்ல 38ன்னா ஜுயிநகர்ல கொஞ்சம் கம்மில கிடைக்கும், பழைய பில்டிங்கா இருக்கும், இருந்துட்டுப் போவட்டும்.

தண்ணி: வாஷி, நெருல், பேலாப்பூர் எல்லாம் நவி மும்பை மாநகராட்சி. மோர்பேன்னு ஒரு அணைய மாநகராட்சி சொந்தமா வச்சிருக்கு. ஒரு மாநகராட்சிக்குச் சொந்தமா அணை இருக்கறது எவ்வளவு பெரிய விஷயம்னு கோடைல தெரியும். கார்கர், காமோட்டே எல்லாம் பேருக்குத் தான் நவி மும்பை, 2016ல இருந்து பன்வேல் மாநகராட்சி, தண்ணி ஏற்பாடே வேற. உல்வே ரெண்டுலயும் சேராது. இந்த எல்லைக்கோடு எந்த விளம்பரத்துலயும் இருக்காது.

உல்வே ஜன்னல் எழுதுனது:

அண்ணா சொன்னது சரி தான் ஆனா உல்வேய ரொம்பத் தட்டிட்டீங்க, நான் அங்க தான் மூணு வருஷமா இருக்கேன் 😀

20 ஆயிரத்துக்கு புது 2 பிஹெச்கே கிடைக்கறது பொய் இல்ல. எங்க வீடு ஏழாவது மாடி, காத்து அள்ளிட்டுப் போகும், ஒரு ஜன்னல்ல மலை, இன்னொரு ஜன்னல்ல புது ஏர்போர்ட், பையன் நாள் பூரா ஃபிளைட் எண்ணிட்டு இருக்கான். 2025 டிசம்பர்ல ஏர்போர்ட் ஓட ஆரம்பிச்சதுல இருந்து ஓனர்ங்க எல்லாருக்கும் தலைல கொம்பு முளைச்சிருக்கு, எங்க ஓனர் இந்தத் தடவை 3 ஆயிரம் ஏத்திக் கேட்டாரு, பேசிப் பேசி 1500க்கு கொண்டு வந்தேன். அதனால அந்த 20 எல்லாம் ரொம்ப நாள் நிக்காதுன்னு நினைக்கறேன்.

ஆனா உங்களுக்கு உல்வே வேண்டாம். காரணம் ட்ரெயின். உரன் லைன்ல பாமன்டோங்ரி, கார்கோப்பர்னு ரெண்டு ஸ்டேஷன் எங்களுக்கு, ஸ்டேஷன் அரண்மனை மாதிரி கட்டி வச்சிருக்காங்க, வண்டி தான் எப்பவாவது வரும். ஒண்ண விட்டா அடுத்ததுக்கு உக்காந்து ஒரு படம் பாதி பாத்துரலாம். அப்பறம் நெருல்லயோ பேலாப்பூர்லயோ மாறணும். தினமும் ரெண்டு வேளை இத செய்ய முடியாது. என் வீட்டுக்காரர் ஜேஎன்பிடி துறைமுகம் பக்கம் வேலை, நான் வீட்ல இருந்தே வேலை, அதனால எங்களுக்கு ஓடுது.

அடல் சேது இருக்கே பிகேசிக்கு சீக்கிரம் போயிடலாமேன்னு யாராவது சொல்லுவாங்க. மொத்தம் 22 கிலோமீட்டர் கிட்ட பாலம், பெரும்பகுதி கடல் மேல, போனா சொர்க்கம் மாதிரி தான் இருக்கும். ஆனா பைக், ஆட்டோ விட மாட்டாங்க, காருக்கு டோல் 2024 ஜனவரில திறந்தப்பவே ஒரு வழிக்கு 250. மாசத்துக்கு 22 நாள் போய் வந்தா எவ்வளவுன்னு கணக்குப் போடுங்க, பெட்ரோல் இல்லாமயே நெருல் வாடகைக்கும் உல்வே வாடகைக்கும் உள்ள வித்தியாசத்துல ஏறக்குறைய பாதிய பாலத்துக்கே அவிழ்த்து வச்சிடுவீங்க. அதோட அந்தப் பாலம் சிவ்ரில தான் இறக்கி விடும், அங்க இருந்து பிகேசி டிராஃபிக் உங்க பாடு.

ஸ்விம்மிங் பூல் பத்தி ஒரு வார்த்தை. எங்க பில்டிங்லயும் பூல் இருக்கு. போன மே மாசம் குடிக்கற தண்ணிக்கே டேங்கர் வந்துச்சு, பூல்ல பசங்க கிரிக்கெட் ஆடுனாங்க.

கார்கர் மலைக்காத்து எழுதுனது:

என் பங்குக்கு கார்கர். நல்ல ஊரு, பொய் சொல்ல மாட்டேன். மழைக்காலத்துல மலை பூராவும் வெள்ளிக் கம்பி மாதிரி அருவி இறங்கும், சென்ட்ரல் பார்க் நடக்க அருமையா இருக்கும், ஊருக்குள்ள மதுக்கடைக்கு எதிர்ப்பு ஜாஸ்திங்கறதால சாயங்காலம் ரோட்டுல சலம்பல் கம்மி (குடிக்கறவங்க பக்கத்து நோடுக்குப் போயிட்டு வருவாங்க, அது வேற கதை). ஆனா செக்டர் நம்பர் பெருசாக பெருசாக ஸ்டேஷன் தள்ளிப் போகும். முப்பது சொச்சம் செக்டர்ல இருந்து ஸ்டேஷனுக்கு ஆட்டோ பிடிச்சு வர்றதுக்குள்ள நெருல்காரன் வாஷி தாண்டிருவான். மெட்ரோ இருக்கேன்னு கேப்பீங்க, 2023 நவம்பர்ல திறந்தாங்க, பேலாப்பூர்ல இருந்து பெந்தர் வரைக்கும் 11 ஸ்டேஷன், ஏசி, கூட்டமும் இல்ல. ஆனா அது கார்கர் ரயில்வே ஸ்டேஷனத் தொடாது, பேலாப்பூர் போய்த் தான் லோக்கல் பிடிக்கணும். மெட்ரோ பக்கத்துல வீடு கிடைச்சா அது ஓகே.

நான் சொல்ல வந்தது வீட்டப் பத்தி இல்ல, அக்ரிமெண்ட் பத்தி. இதுல நான் நல்லா அடி வாங்கியிருக்கேன்.

நம்ம ஊர்ல மாதிரி சும்மா ஒரு பத்திரத்துல எழுதி கையெழுத்துப் போட்டு வச்சுக்கறது இங்க செல்லாது. மகாராஷ்டிராவுல வாடகைப் பத்திரத்துக்கு லீவ் அண்ட் லைசென்ஸ் அக்ரிமெண்ட்னு பேரு, அதக் கண்டிப்பா ரெஜிஸ்டர் பண்ணணும், 1999 வாடகைச் சட்டத்துல 55வது பிரிவு. பண்ண வேண்டிய பொறுப்பு ஓனரோடது. பண்ணலைன்னா, ரெண்டு பேருக்கும் தகராறு வரும்போது வாடகைக்காரன் என்ன நிபந்தனைன்னு சொல்றானோ அதத் தான் எடுத்துக்குவாங்க, ஓனர் வேற மாதிரி நிரூபிச்சாலொழிய. இது பல ஓனருக்கே தெரியாது. எனக்கும் அப்ப தெரியாது.

மொத வீட்டு ஓனர் ரொம்பத் தங்கமான மனுஷனா பேசுனாரு, ரெஜிஸ்டர் எல்லாம் எதுக்கு வீண் செலவு, நாம குடும்பம் மாதிரின்னாரு. டெபாசிட் 1 லட்சம், அதுல 40 ஆயிரம் கேஷ். காலி பண்றப்ப பெயிண்ட், கீஸர், கதவுல ஆணி அடிச்ச ஓட்டை, பால்கனி கிரில் துருப்பிடிச்சதுன்னு எழுதி எழுதி 52 ஆயிரம் கழிச்சுட்டாரு. கிரில் துருப்பிடிச்சது உப்புக் காத்துல, நானா நாக்கால நக்குனேன்? கேஷ் கொடுத்த 40க்கு என்கிட்ட ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. குடும்பம் மாதிரின்னு எவன் சொன்னாலும் இப்பல்லாம் எனக்கு வயித்தக் கலக்குது.

அதனால செலவக் கேட்டு பயந்துறாதீங்க. மாசம் 35 ஆயிரம் வாடகை, 11 மாசம்னா 3,85,000. டெபாசிட் 1 லட்சம்னா அதுக்கு வருஷத்துக்கு 10 சதவீதம்னு கணக்குப் பண்ணி 11 மாசத்துக்கு ஒரு 9 ஆயிரத்துச் சொச்சம் சேப்பாங்க. மொத்தத்துல கால் சதவீதம் ஸ்டாம்ப் ட்யூட்டி, ஆயிரம் ரூபாய்க்குள்ள அடங்கிரும். ரெஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ் மாநகராட்சி எல்லைக்குள்ள 1000. ஆன்லைன்லயே முடியும், ஏஜெண்டு வீட்டுக்கே வந்து ஆதார் கைரேகை எடுத்துட்டுப் போவான், அவன் கூலி தனி. பாதிப் பாதி போட்டுக்கலாம்னு ஓனர்கிட்ட பேசிக்கோங்க. போலீசுக்கு வாடகைக்காரர் விவரம் கொடுக்கணும், அதுவும் ஓனர் வேலை தான், கொடுத்தாச்சான்னு காப்பி கேட்டு வாங்குங்க. ஸ்கூல் அட்மிஷன், கேஸ் கனெக்‌ஷன், பேங்க்ல அட்ரஸ் மாத்தறது எல்லாத்துக்கும் இந்த ரெஜிஸ்டர்டு அக்ரிமெண்ட் தான் கேப்பாங்க.

உள்ள போற அன்னைக்கு வீடு பூராவும் வீடியோ எடுங்க, ஒவ்வொரு சுவரு, ஒவ்வொரு குழாய், தேதியோட ஓனருக்கு வாட்ஸப் பண்ணிருங்க. கொஞ்சம் மூஞ்சி சுளிப்பாரு. சுளிக்கட்டும்.

பொள்ளாச்சி இளநீர் எழுதுனது:

அண்ணனுங்களுக்கும் அக்காவுக்கும் ரொம்ப நன்றிங்க. டோக்கன் போடலை. புரோக்கர்கிட்ட நேர்ல வந்து பாக்கறேன்னதும் குரலே மாறிருச்சு. பீச் இல்லைன்னு பாப்பாகிட்ட இன்னும் சொல்லலை.

ரெண்டு சந்தேகம். ஒருத்தர் நெருல்ல ஹெவி டெபாசிட்னு சொல்றார், 12 லட்சம் கொடுத்தா மாச வாடகையே வேண்டாம், காலி பண்றப்ப முழுசா திருப்பித் தந்துருவேன்ங்கறார். கேக்க நல்லாத் தான் இருக்குது, எங்ககிட்ட அந்தளவு சேமிப்பும் இருக்குது. அப்பறம் அந்த அசைவம் மேட்டர யாருமே சொல்லலைங்களே?

நியூட்ரல் கியர் எழுதுனது:

ஹெவி டெபாசிட்: நம்ம ஊர் ஒத்தி தான், வேற ஒண்ணுமில்ல. கொடுக்கறவன் ஒழுங்கா இருந்தா நல்லது, ஆனா 12 லட்சம் தேவைப்படுதுன்னா அவருக்கு எங்கயோ பணமுடை இருக்குன்னு தான அர்த்தம்? வீட்டு மேல பேங்க் லோன் இருந்து அவர் கட்டாம விட்டா பேங்க் உங்களத் தேடி வராது, வீட்டத் தேடி வரும். நீங்க 12 லட்சத்துக்கு யார்கிட்ட போய் நிப்பீங்க. தெரியாத ஊர்ல மொத வருஷமே இது வேண்டாம்ங்கறது என் கட்சி.

அசைவம்: இருக்கு, பிரச்சனை இருக்கு, நேரா சொல்ல மாட்டாங்க. “சொசைட்டில (குடியிருப்புச் சங்கத்துல) எல்லாம் ஃபேமிலி டைப்”னுவாங்க, “பியூர் வெஜ் ப்ரிஃபர்டு”னு போடுவாங்க. போன்லயே மொத கேள்வியா நீங்களே கேட்டுருங்க, நாலு வீடு குறையும், ஆனா அலைச்சல் மிச்சம். மீன் நல்லா வேணும்னா பேலாப்பூர் பக்கம் திவாலே கிராமம், கோளிங்கற மீனவ ஜனங்க கடல்ல இருந்து கொண்டு வந்து விக்கறது. பேரம் பேசத் தெரியலைன்னா அந்த அம்மாங்க உங்கள உரிச்சு உப்புக்கண்டம் போட்டுருவாங்க, மராத்தில எண்ண மட்டும் கத்துக்கிட்டுப் போங்க.

மத்தவங்க சொல்லாத ஒண்ணு. பிளான் போட்ட ஊரு பிளான் போட்ட ஊருன்னு எல்லாரும் சொல்றாங்களே, செக்டருக்கு நடுவுல திடீர்னு சந்து சந்தா, இடுக்கா, மூணு மாடி நாலு மாடி ஒட்டி ஒட்டிக் கட்டுன எடம் வரும், அது கிராமம், காவ்தான்னு சொல்லுவாங்க. ஊரு வர்றதுக்கு முன்னாடி இருந்த ஆக்ரி, கோளி ஜனங்க எடம். நிலத்த எடுத்ததுக்கு எதிர்த்து டி.பி. பாட்டீல் தலைமைல 1984ல போராடுனப்ப துப்பாக்கிச் சூட்டுல அஞ்சு பேர் செத்திருக்காங்க, அதுக்கப்பறம் தான் எடுத்த நிலத்துல 12.5 சதவீதம் திருப்பித் தர்ற திட்டமே வந்துச்சு. பளபளன்னு ரோட்டப் பாத்து அசந்து போறவங்க இதையும் தெரிஞ்சுக்கறது நல்லது. நான் மொத ரெண்டு வருஷம் காவ்தான்ல தான் இருந்தேன், வாடகை பாதி, சொசைட்டி செகரெட்டரி தொல்லை கிடையாது, கருவாடு வறுத்தா பக்கத்து வீட்டுல இருந்து கிண்ணம் வரும். ஆனா பில்டிங்குக்கு பெர்மிஷன் இருக்கான்னு யாருக்கும் தெரியாது, வெளிச்சம் வராது, சின்னப் பிள்ளைய வச்சுக்கிட்டு நான் சொல்ல மாட்டேன்.

அப்பறம் மழை. நீங்க ஜூன்ல வர்றது அதிர்ஷ்டம், எல்லாரும் துரதிர்ஷ்டம்பாங்க. மே மாசத்துல புதுசா பெயிண்ட் அடிச்ச வீட்டப் பாத்தா எல்லாம் மாப்பிள்ளை மாதிரி இருக்கும், ஜூலைல தான் உண்மையான மூஞ்சி. கடைசி மாடின்னா மொட்டை மாடில பத்ரா ஷெட், அதான் தகரக் கூரை, போட்டிருக்கான்னு ஏறிப் பாத்துருங்க. போட்டிருந்தா ஒழுகாது. பீரோவ சுவரோட ஒட்டி வைக்காதீங்க, பூஞ்சை பிடிக்கும், எங்க கல்யாணப் பட்டுல பச்சைக் கரை வந்தது அப்படித் தான் (நெய்தது இல்ல, பூத்தது). தோல் செருப்பு, பெல்ட் எல்லாம் ஊர்லயே விட்டுட்டு வாங்க.

க்ரீக்க ஒட்டுன செக்டர்கள்ல இன்னொரு விஷயம். அந்தப் பக்கம் நிலம் ஏற்ற அலை வர்ற மட்டத்த விட தாழ்வு. அதனால டச்சுக்காரங்க ஊர் மாதிரி ஹோல்டிங் பாண்ட் வச்சிருக்காங்க, மழைத்தண்ணி குளத்துல வந்து சேரும், கடல் ஏறுறப்ப கதவு மூடிக்கும், இறங்குறப்ப திறந்து விடும். அருமையான யோசனை. ஆனா குளம் பூரா சேறும் அலையாத்தியும் வளந்து கெடக்கறதால பழைய கொள்ளளவு இல்ல. பெருமழையும் பெரிய அலையும் ஒண்ணா வர்ற அன்னைக்கு தண்ணி போக எடமில்லாம ரோட்டுல நிக்கும். தரைத்தள வீடு காட்டுனா பக்கத்து டீக்கடைக்காரர்கிட்ட போன வருஷம் எது வரைக்கும் தண்ணி வந்துச்சுன்னு கேளுங்க, முழங்காலத் தொட்டுக் காட்டுனா திரும்பிப் பாக்காம வந்துருங்க.

தாராவி டு நெருல் எழுதுனது:

கியர் தம்பி சொன்னதுல ஒண்ணு சேக்கேன். வாடகைக்கு விட்டா சொசைட்டி ஓனர்கிட்ட ‘நான்-ஆக்குபன்சி சார்ஜ்’னு, அதாவது அவர் குடியிருக்காததுக்கு ஒரு கட்டணம், வாங்கும், அது சர்வீஸ் சார்ஜ்ல 10 சதவீதத்துக்கு மேல போவக் கூடாதுன்னு அரசாங்க உத்தரவே இருக்கு. அத ஓனர் தான் கட்டணும். சில புரோக்கருங்க மெயிண்டனன்ஸ் தனின்னு சொல்லி இதையும் உங்க தலைல கட்டப் பாப்பானுங்க. வாடகை மெயிண்டனன்ஸோட சேத்தான்னு அக்ரிமெண்ட்ல எழுத வைங்க. புரோக்கர் கமிஷன் ஒரு மாச வாடகைம்பான், சரி, 11 மாசம் கழிச்சு புதுப்பிக்கறப்ப மறுபடியும் கேப்பான், அதுக்குத் தான் மொதல்லயே 22 மாசம், 33 மாசம்னு போட்டுருங்கன்னு சொல்றது.

நெருல்ல எஸ்ஐஇஎஸ்னு தென்னிந்தியக் கல்விச் சங்கத்தோட வளாகம் இருக்கு, 33 அடி ஆஞ்சநேயர் நிக்காரு, சனிக்கிழமை போனா பாதிக் கூட்டம் தமிழ் தான் பேசும். வீடு தேடி வர்றப்ப அங்கன நாலு பேர்கிட்ட வாய்விட்டுச் சொல்லுங்க. போர்டு மாட்டாத வீடெல்லாம் அப்படித் தான் கிடைக்கும்.

பொள்ளாச்சி இளநீர் எழுதுனது:

அப்டேட்டுங்க. போன வாரம் நாலு நாள் லீவு போட்டு வந்து பாத்தேன். மொத நாள் உல்வே போனேன், அந்த வீடியோ வீடு “போயிருச்சாம்”, வேற காட்டறேன்னார், அடுத்த நாள் பாத்தா அதே வீடு அதே போட்டோவோட இன்னும் நெட்டுல இருக்குது. காலைல ஏழே முக்காலுக்கு நெருல்ல ஏறி குர்லா போய் பிகேசி வரைக்கும் ஒரு நாள் சும்மா போய்ப் பாத்தேன். கூட்டத்துல யாரோ என் பைய மடில வாங்கி வச்சுக்கிட்டாங்க, யாருன்னே தெரியலை, குர்லா வந்ததும் கரெக்டா குடுத்துட்டாங்க. வீட்ல இருந்து ஆபீஸ் கதவு வரைக்கும் 1 மணி 25 நிமிஷம். பழகிக்கணும்.

ஜுயிநகர்ல வீடு பிடிச்சிருக்குது. பழைய பில்டிங், லிஃப்ட் இல்லை, ரெண்டாவது மாடி, 31 ஆயிரம் மெயிண்டனன்ஸோட சேத்தி. ஆஞ்சநேயர் கோயில்ல ஒரு பெரியம்மா சொன்னது தான், அவங்க தம்பி வீடு, பூர்வீகம் பாலக்காடு. அசைவம் சமைப்போம்னு மொதல்லயே சொன்னேன், அந்தம்மா கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம்னாங்க. சரின்னுட்டேன். அக்ரிமெண்ட் 22 மாசம், ரெஜிஸ்டர் பண்றோம், டெபாசிட் 75 ஆயிரம் முழுக்க பேங்க்ல தான். மலைக்காத்து அண்ணன் சொன்னபடி வீடியோ எடுத்தேன், ஓனர் மூஞ்சியச் சுளிக்கலை, அவரும் அவர் போன்ல எடுத்துக்கிட்டார்.

பூநாரை மே கடைசி வரைக்கும் இருக்குமுங்களா? நாங்க 30ஆம் தேதி தான் வந்து சேருவோம். பாப்பாகிட்ட பீச் இல்லைன்னு சொன்னதுக்கு ரோஸ் கலர் பறவை காட்டறேன்னு வாக்குக் குடுத்துட்டேன்.

உல்வே ஜன்னல் எழுதுனது:

30ஆம் தேதி சந்தேகம் தான், அதுக்குள்ள பாதி குஜராத் பக்கம் கிளம்பிடும். ஆனா சிலது மழை இறங்கற வரைக்கும் சோம்பேறித்தனமா நின்னுட்டு இருக்கும். வந்த மறுநாளே காலைல போங்க, சாமான் பிரிக்கறது அப்பறம் பாத்துக்கலாம். பைனாகுலர் இல்லைன்னா சொல்லுங்க, பையனோடது இருக்கு, அவன் இப்ப ஃபிளைட் தான் பாக்கறான்.